தானாகச் சரியாகிப்போன பக்கவாதம்



1954ஆம் ஆண்டு, மே மாதம். லண்டன் மாநகரில் செயின்ட் மேரீஸ் மருத்துவமனை. 66 வயதான ஓர் இல்லத்தரசியை அறுவை சிகிச்சைக்குத் தயார்செய்கிறார்கள். சில மாதங்களாகவே அவருக்கு ஒரு தொந்தரவு. இருந்தாற்போல் இருந்து ஒரு பக்கம் கை கால் துவண்டுவிடும், பேச்சுக் குழறும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். இப்படி 33 முறை வந்து, 33 முறையும் தானாகவே சரியாகியிருக்கிறது.

தானாகச் சரியாகிற ஒன்றுக்கு எதற்குக் கத்தி வைக்க வேண்டும்? இன்றைய உரை அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

குரல்வளைக்குப் பக்கவாட்டில் இரண்டு விரலை வைத்துப் பாருங்கள். துடிப்பு தெரியும். அதுதான் கரோட்டிட் தமனி. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. மூளைக்குப் போகிற ரத்தத்தில் பெரும்பகுதி இந்த இரண்டின் வழியாகத்தான் போகிறது. தாடைக்குக் கொஞ்சம் கீழே இந்தத் தமனி இரண்டாகப் பிரியும். ஒரு கிளை முகத்துக்கு, இன்னொன்று மூளைக்கு. பிரிகிற அந்த இடத்தில் ரத்தம் நேராக ஓடாமல் சுழன்று ஓடும். புகை, சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, கொழுப்பு எல்லாம் சேர்ந்து பல வருடங்களில் அங்கே ஒரு படிவை உண்டாக்குகின்றன. குழாய் குறுகுகிறது.

குழாய் குறுகுவதால் மூளைக்கு ரத்தம் போதாமல்தான் பக்கவாதம் வருகிறது என்று பலரும் நினைக்கிறோம். பெரும்பாலும் நடப்பது வேறு. அந்தப் படிவு ஒருநாள் வெடிக்கும். அதன்மேல் ரத்தம் உறையும். உறைந்ததில் ஒரு துணுக்கு பிய்த்துக்கொண்டு மேலே போய் மூளையின் சிறு நாளத்தை அடைக்கும். துணுக்கு சிறியதாக இருந்தால் சில நிமிடங்களில் கரைந்துவிடும், கை கால் திரும்பிவிடும். கண்ணுக்குப் போகிற நாளத்தில் சிக்கினால், ஒரு கண்ணில் மட்டும் திரை இறங்கியதுபோல் இருட்டி, மறுபடி தெளியும். இதைத்தான் மருத்துவர்கள் டி.ஐ.ஏ. என்றும், மினி ஸ்ட்ரோக் என்றும் சொல்கிறார்கள். துணுக்கு கரைந்துவிட்டது. ஆனால் அதை அனுப்பிய புண் கழுத்திலேயே இருக்கிறது. அடுத்த துணுக்கு எத்தனை பெரிதாக வரும் என்று யாருக்குத் தெரியும்?

இந்தத் தொடர்பை உலகுக்குத் தெளிவாக எடுத்துச் சொன்னவர் கனடாவைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் மில்லர் ஃபிஷர். இடப்பக்கம் செயலிழந்த ஒரு நோயாளி அவரிடம் வந்தார். பக்கவாதம் வருவதற்குமுன் தன் வலக்கண் சிலமுறை இருண்டு தெளிந்தது என்று அவர் சொன்னார். விழுந்தது இடது கை, இருண்டது வலது கண். பொருந்தவில்லையே என்று தோன்றும். ஆனால் உடம்பின் இடப்பக்கத்தை ஆள்வது மூளையின் வலப்பாதி. அந்த வலப்பாதிக்கும் வலக்கண்ணுக்கும் ரத்தம் கொடுப்பது ஒரே தமனி, கழுத்தின் வலப்பக்கத் தமனி. ஆகக் கோளாறு கழுத்தில்தான் இருக்க வேண்டும். 1951இல் ஃபிஷர் இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். கழுத்தில் அறுவை செய்து பக்கவாதத்தைத் தடுக்கும் நாள் வரக்கூடும் என்றும் அதிலேயே எழுதினார்.

அந்த நாள் வர அதிக காலம் ஆகவில்லை. 1953இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் மைக்கேல் டிபேக்கி என்ற அறுவை மருத்துவர் இந்தச் சிகிச்சையைச் செய்தார். ஆனால் அந்த விவரத்தை அவர் வெளியிட்டது 1975இல்தான். உலகம் முதலில் கேள்விப்பட்டது லண்டன் பெண்மணியின் கதையைத்தான். அறுவை நடக்கும்போது மூளை தாங்க வேண்டும் என்பதற்காக அவர் உடம்பை 28 டிகிரி வரைக்கும் குளிரவைத்தார்கள். ஃபெலிக்ஸ் ஈஸ்ட்காட் என்ற அறுவை மருத்துவரும் அவருடைய குழுவினரும் குறுகிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை இணைத்துத் தைத்தார்கள். அந்தத் தாக்குதல்கள் நின்றுபோயின.

இன்று அந்தச் சிகிச்சை எப்படி நடக்கிறது? கழுத்தின் பக்கவாட்டில் கீறி, தமனியை வெளிக்கொணர்ந்து, மேலும் கீழும் கிளிப் போட்டு ரத்த ஓட்டத்தை நிறுத்துகிறார்கள். பிறகு தமனியை நீளவாக்கில் திறக்கிறார்கள். பழுத்த புளியம்பழம் ஓட்டில் ஒட்டாமல் கழன்று வருமே, அதுபோல அந்தப் படிவு குழாய்ச் சுவரைவிட்டுக் கழன்று வரும். அதை எடுத்துவிட்டு, பெரும்பாலும் ஒரு சின்ன ஒட்டு வைத்துத் தைத்துவிடுவார்கள். சில இடங்களில் கழுத்தை மட்டும் மரத்துப்போக வைத்து, நோயாளி விழித்திருக்கும்போதே செய்கிறார்கள். அறுவை நடக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் கையில், அமுக்கினால் கீச்சிடும் ரப்பர் பொம்மையைக் கொடுத்து, அமுக்கச் சொல்வதும் உண்டு. சத்தம் வருகிறவரை மூளைக்கு ரத்தம் போதுகிறது என்று அர்த்தம். நின்றுவிட்டால், உடனே ஒரு தற்காலிகக் குழாயைச் செருகி ரத்தத்தை மேலே விடுவார்கள்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பக்கவாதத்தைத் தடுக்கச் செய்கிற இந்த அறுவையே சிலருக்குப் பக்கவாதத்தைக் கொண்டுவரலாம். படிவை எடுக்கும்போதே ஒரு துணுக்கு மேலே போய்விடலாம். நாக்குக்கும் குரலுக்கும் போகிற நரம்புகள் அந்த இடத்தில்தான் ஓடுகின்றன. அவற்றுக்கும் பாதிப்பு வரலாம். அப்படியானால் லாபம் அதிகமா, நஷ்டம் அதிகமா?

முப்பது ஆண்டுகளுக்குமேல் இதற்குச் சரியான கணக்கு இருக்கவில்லை. அமெரிக்காவில் மட்டும் 1985இல் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்கு இது செய்யப்பட்டது. 1988இல் வெளியான ஓர் ஆய்வு பழைய மருத்துவக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தது. மூன்றில் ஒரு பங்கு அறுவை சிகிச்சை தேவையே இல்லாதவர்களுக்குச் செய்யப்பட்டிருந்தது.

அப்போதுதான் ஹென்றி பார்னெட் களத்தில் இறங்கினார். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலும் லண்டன் என்று ஓர் ஊர் உண்டு. அந்த ஊர் நரம்பியல் மருத்துவர் அவர். டி.ஐ.ஏ. அல்லது லேசான பக்கவாதம் வந்தவர்களை அவருடைய குழு இரண்டாகப் பிரித்தது. யார் எந்தப் பக்கம் என்பது குலுக்கல் முறையில். ஒரு பாதிக்கு மருந்து மட்டும், மறுபாதிக்கு மருந்தோடு அறுவையும். 1991இல் முடிவு வந்தது. தமனி 70 சதவீதத்துக்குமேல் குறுகியிருந்தவர்களில், மருந்து மட்டும் எடுத்த 100 பேரில் 26 பேருக்கு இரண்டு வருடத்துக்குள் அந்தப் பக்கத் தமனியால் பக்கவாதம் வந்தது. அறுவை செய்துகொண்டவர்களில் 9 பேருக்கு. அறுவையால் வந்த கெடுதலையும் சேர்த்துத்தான் அந்த 9. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால், இந்தப் பிரிவினருக்கு ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. 50 முதல் 69 சதவீதம் குறுகியிருந்தவர்களுக்குப் பலன் குறைவு. 50க்குக் கீழே பலனே இல்லை. தமனி முழுக்க அடைத்துப்போனவர்களுக்கு இந்த அறுவையைப் பொதுவாகச் செய்வதில்லை. ரத்தமே ஓடாத குழாயிலிருந்து துணுக்கு மேலே போக வழி ஏது?

அடுத்தது, எனக்கு மிக முக்கியமாகப் படுகிற கணக்கு. பீட்டர் ராத்வெல் என்ற ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து 2004இல் வெளியிட்டார். டி.ஐ.ஏ. வந்து இரண்டு வாரத்துக்குள் அறுவை செய்தால், ஐந்து பேருக்குச் செய்து ஒருவரைப் பக்கவாதத்திலிருந்து காப்பாற்றலாம். மூன்று மாதம் கழித்துச் செய்தால், அதே ஒருவரைக் காப்பாற்ற 125 பேருக்குச் செய்ய வேண்டும். நோயும் அதுதான், கத்தியும் அதுதான். மாறியது நாள் மட்டுமே. முதல் துணுக்கு போன சில நாட்களில்தான் அடுத்தது போகும் ஆபத்து உச்சத்தில் இருக்கிறது.

எந்த அறிகுறியும் இல்லாமல், வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் கழுத்து அடைப்பு என்று வந்தால்? அவசரப்பட வேண்டாம். அப்படிப்பட்டவர்களை வைத்துச் செய்து 1990களில் வெளியான ஓர் ஆய்வில், ஐந்து வருடத்தில் 100க்கு 11 ஆக இருந்த பக்கவாதம் அறுவையால் 5 ஆனது. அதாவது 100 பேர் கத்திக்குக் கீழே போனால் 6 பேருக்கு லாபம். அதற்குப் பிறகு கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரைகள் பரவலாகி, மருந்தின் பலமும் கூடிவிட்டது. இவர்களுக்கு முதல் வைத்தியம் மாத்திரைகளும், புகையை விடுவதும், ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பதும்தான்.

கத்தியில்லாமல் ஸ்டென்ட் வைக்கலாமே என்று கேட்பீர்கள். வைக்கலாம். 2,500 பேரை வைத்து நடந்து 2010இல் வெளியான ஆய்வில், மொத்தத்தில் இரண்டும் ஏறக்குறையச் சமமாகவே வந்தன. ஸ்டென்டில் பக்கவாதம் சற்று அதிகம், அறுவையில் மாரடைப்பு சற்று அதிகம். வயது 70 தாண்டியவர்களுக்கு அறுவையே மேல் என்று தெரிந்தது.

எல்லாப் பக்கவாதமும் கழுத்திலிருந்து வருவதில்லை. ரத்தக்கசிவால் வருவது உண்டு, இதயத்திலிருந்து வரும் உறைகட்டியால் வருவது உண்டு. நம்மைப் போன்ற ஆசிய நாட்டவருக்கு மண்டைக்குள் இருக்கும் நாளங்களே குறுகுவதும் அதிகம். எது என்று சொல்ல வேண்டியது மருத்துவமனை. அந்த முடிவை நாம் வீட்டில் இருந்துகொண்டு எடுக்க முடியாது.

ஆகவே ஒருவருக்கு வாய் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒரு கண் இருண்டாலோ, உடனே 108ஐக் கூப்பிடுங்கள். வண்டி வருவதற்குள் சரியாகிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். "இப்போ நல்லாத்தானே இருக்கார், திங்கட்கிழமை காட்டிக்கலாம்" என்று வைத்துவிடாதீர்கள். போனதும் நடந்ததைச் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு, எந்தப் பக்கக் கை, எந்தக் கண், எத்தனை நிமிடம். அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கழுத்துக்கு டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். அறுவை என்று முடிவானால் இரண்டு கேள்வி உண்டு. எத்தனை நாளுக்குள் செய்வீர்கள்? நீங்கள் செய்த 100 பேரில் எத்தனை பேருக்குப் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது? அறிகுறி வந்தவர்களுக்கு அது ஆறுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது உலக அளவில் வைத்திருக்கும் வரம்பு. நல்ல அறுவை மருத்துவருக்குத் தன் கணக்கு தெரிந்திருக்கும். கேட்டால் கோபிக்கவும் மாட்டார்.