இன்னும் என்னம்மா செய்யுது?

(தலைப்பு: தாய்மைக் காலத்தில் பெண்ணுக்கு நிறைவு தருவது மருத்துவ வசதியா? மனிதர் காட்டும் பரிவா? ‘பரிவே’ என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! எதிரணியில் வீற்றிருக்கும் அறிஞர் பெருமக்களே! பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு இப்போதுதான் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே!

எனக்கு முன் பேசிய நண்பர் ஸ்கேன் என்றார், 108 ஆம்புலன்ஸ் என்றார். எல்லாம் இருக்குங்க. நான் மறுக்கவே இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு என்ன சொல்லுது? தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில். நாலு தடவையாவது பரிசோதனைக்குப் போனவங்க ஏறத்தாழ 90 சதவீதம். வீட்டு மூலையில் பாயைப் போட்டுப் பிள்ளை பெற்ற நம்ம பாட்டிமார் காலத்தை நினைச்சா, இது பெரிய சாதனை.

ஆனால், நடுவர் அவர்களே! இந்த எண்கள் ‘வந்தாளா?’ என்ற கேள்விக்குத்தான் பதில். ‘நிறைவோடு திரும்பினாளா?’ என்பதற்கு அல்லவே! கோயிலுக்குக் கூட்டம் வந்ததை உண்டியல் சொல்லும். மனசு நிறைஞ்சதா என்று உண்டியல் சொல்லுமா? (கைதட்டல்)

எதிரணித் தலைவி கேட்டார்: “பரிவு ரத்த அழுத்தத்தைக் குறைக்குமா?” குறைக்காதும்மா. ஆனால் கண்டுபிடிக்க வைக்கும். என் வீட்டுக் கதையையே சொல்றேன்.

என் மகளுக்குத் தலைப்பிரசவம். ஒரு மருத்துவமனை, பேர் வேண்டாம். ஏதோ சந்தேகம் கேட்டிருக்கா. “ஊர்ல யாரும் பெறாத பிள்ளையா நீ பெறப்போறே?”ன்னு ஒரு அதட்டல். அன்னைக்கு மூடின வாய்தான். எட்டாம் மாசம் ரெண்டு நாளாத் தலைவலி, கண் மங்கல், முகவீக்கம். அடுத்த பரிசோதனைக்கு இன்னும் பத்து நாள். முன்னாடியே போனால் திட்டுவாங்கன்னு எங்ககிட்டயும் சொல்லலை. நானோ வீங்கின முகத்தைப் பார்த்து, “தாய்மைக் களை வந்துடுச்சு!”ன்னு வர்ணிச்சுக்கிட்டு இருக்கேன். தமிழ் வாத்தியார் இல்லையா! (சிரிப்பு)

எதிர் வீட்டுக் கைக்குழந்தையைப் பார்க்க வந்த சுகாதாரச் செவிலியர் அம்மா இவளையும் பார்த்தாங்க. பக்கத்துல உட்கார்ந்து கையைப் பிடிச்சு, “இன்னும் என்னம்மா செய்யுது?”ன்னு கேட்டாங்க. கொட்டித் தீர்த்துட்டா. உடனே கூட்டிப்போனோம். ரத்த அழுத்தம் உச்சத்தில்! கர்ப்பத்தில் அப்படி ஏறினால் வலிப்பு வரலாம். தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து. அன்றே சேர்த்துக் காப்பாற்றினார்கள். இன்று என் மூக்குக் கண்ணாடியை உடைப்பதுதான் பேரனுக்கு வேலை.

நண்பர்களே! கருவி அத்தனை நாளும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தது. அவளை அதனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரு கேள்வி!

பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண் உடனிருக்கலாம் என்று தமிழ்நாடு அரசு மருத்துவமனைகளில் 2004-லேயே வழி செய்தார்களே, ஏன்? அந்த வலியில் பிடித்துக்கொள்ள, இயந்திரத்துக்குக் கை இல்லை என்பதால்தானே!

‘இனியவை கூறல்’ வள்ளுவரின் பத்தாவது அதிகாரம். பத்து மாதம் சுமப்பவளுக்கு அந்தப் பத்தாம் அதிகாரம் வேண்டாமா? (கைதட்டல்)

வசதி அவளை வாசல் வரை கொண்டுவரும். பரிவுதான் அவளை வாய் திறக்க வைக்கும். அவள் வாய் திறந்தால்தான் வசதியே பயன்படும். ஆகவே பரிவே என்று தீர்ப்பளிக்க வேண்டி, வீட்டுக்குப் போனதும் உங்கள் மகளிடமும் மருமகளிடமும் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள் என்று சொல்லி அமர்கிறேன்.