நெய்தலும் நம் கால்வாயும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பத்தாண்டுகளாகத் தமிழ் பேசி வரும் இம்மன்றத்தில், சாக்கடையைப் பற்றிப் பேச ஒரு தமிழாசிரியை வந்திருக்கிறாளே என்று சிலர் எண்ணக்கூடும். இந்த உரைக்குக் காரணம் ஒரு மாணவி. அவள் கேட்ட கேள்விக்கு நான் தவறான விடை கூறினேன். அந்தத் தவற்றைத் திருத்திக்கொள்ளவே இம்மேடையைப் பயன்படுத்துகிறேன்.

வகுப்பில் நெய்தல் திணை நடத்திக்கொண்டிருந்தேன். கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். உவர்நீர்க் கேணியும் கழியும் அதற்குரிய நீர் எனக் கருப்பொருள்களை விளக்கினேன். அப்போது கால்வாய்க் கரையில் குடியிருக்கும் மாணவி ஒருத்தி எழுந்து, "அம்மா, எங்கள் வீட்டுப் பின்னால் ஓடும் கால்வாய் எண்ணூர்க் கழியில்தான் போய்ச் சேர்கிறது. அப்படியானால் அதுவும் நெய்தல்தானே?" என்று கேட்டாள். "அது பாலை, அம்மா" என்றேன் நான். வகுப்பே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் வீட்டைப் பற்றி அல்லவா நான் நகைச்சுவை செய்திருந்தேன்!

அவள் குறிப்பிட்டது பக்கிங்காம் கால்வாய். சென்னைக்கும் எண்ணூருக்கும் இடைப்பட்ட அதன் பகுதி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டப்பட்டது. அந்நாளில் காக்ரேன் கால்வாய் என்பது அதன் பெயர். 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில், கூழுக்காக மண் சுமந்த ஏழை மக்களின் உழைப்பால் கூவமும் அடையாறும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவுக்கு இணைக்கப்பட்டன. அப்போதைய ஆளுநரின் பெயரே கால்வாய்க்கு நிலைத்தது. மண் சுமந்தவர் பெயர் எதுவும் நிலைக்கவில்லை. விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் இதில் வந்ததை நம் முதியோர் இன்றும் நினைவுகூர்வர். 2008இல் இக்கால்வாய் உள்ளிட்ட நீர்வழி, நான்காம் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டது. ஏட்டில் அது நீர்வழி. நம் பேச்சிலோ நாற்றக் கால்வாய். ஓட்டேரி நல்லாவும் கேப்டன் காட்டன் கால்வாயும் நகரின் கழிவைச் சுமந்து வந்து இதனோடு கலக்கின்றன.

ஒரு நீர்நிலை கெட்டதா, எவ்வளவு கெட்டது என்பதை மூக்கைப் பொத்திக்கொண்டு முடிவு செய்ய இயலாது; அளந்தே அறிதல் வேண்டும். அளவைகளுள் முதன்மையானது நீரில் கரைந்துள்ள உயிர்வளி, அதாவது ஆக்சிஜன். 30 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் தூய நன்னீர் ஏறத்தாழ ஏழரை மில்லிகிராம் உயிர்வளியை ஏந்தி நிற்கும். மீன் மூச்சு விடுவது இந்தச் சிறு முதலைக் கொண்டுதான். கழிவு கலந்தால் அதை உண்ணும் நுண்ணுயிர்கள் பெருகி இம்முதலைச் செலவழித்துவிடும். அச்செலவை மதிப்பிட, நீரை 27 பாகையில் மூன்று நாள் மூடிவைத்து, குறைந்த உயிர்வளியைக் கணக்கிடுகின்றனர். குளிர்நாடுகளில் இதையே 20 பாகையில் ஐந்து நாள் செய்வர். இந்தத் தேவை லிட்டருக்கு 30 மில்லிகிராமைக் கடந்தால், அந்த ஆற்றுப்பகுதி உடனடிக் கவனம் வேண்டுவது என மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் முதல் வரிசையில் வைக்கிறது. இவ்வாறு மாசுற்ற ஆற்றுப்பகுதிகள் 2018இல் நாடெங்கும் 351 எனக் கணக்கிடப்பட்டன. 2022ஆம் ஆண்டின் அறிக்கையில் அவை 311 ஆயின.

அளத்தலிலும் நேர்மை வேண்டும். முகத்துவாரத்தின் அருகே கடலேற்றத்தின்போது நீர் மொண்டால் அது பெரிதும் கடல்நீராகவே இருக்கும். வற்றத்தில் மொண்டால்தான் நகரின் கழிவு தெரியும். பகலில் பாசி உயிர்வளி தரும். இரவில் அதுவே உயிர்வளியை உண்ணும். நீர் தெளிந்த பின்னும் அடிச்சேற்றில் கன உலோகங்கள் தங்கியிருக்கக்கூடும். ஆகவே ஒரு குப்பி நீர் ஒருபோதும் முழு உண்மை ஆகாது. பல இடம், பல பொழுது, பல பருவம் என்று தொடர்ந்து பார்ப்பதே கண்காணிப்பு எனப்படும். முதற்பொருளாகிய நிலத்தையும் பொழுதையும் குறித்த பின்னரே கருப்பொருளைப் பேசிய நம் இலக்கண நூலார்க்கு இது புதிதன்று.

அளந்தபின் எழும் கேள்வி, இந்நீர் எதற்கு உரியது என்பது. வாரியம் உள்நாட்டு நீரை ஏ முதல் ஈ வரை ஐந்து வகுப்பாகப் பிரிக்கிறது. கிருமி நீக்கினால் போதும், குடிக்கலாம் என்பது முதல் வகுப்பு. குளிக்கத் தகுவது இரண்டாவது. முறையாகச் சுத்திகரித்துக் குடிக்கத் தகுவது மூன்றாவது. மீன் வாழத் தகுவது நான்காவது. பாசனத்துக்கு உரியது ஐந்தாவது. மீன் வாழும் வகுப்புக்கு 4 மில்லிகிராம் உயிர்வளியேனும் வேண்டும். ஐந்திலும் அடங்காத நீரை 'ஈ வகுப்புக்கும் கீழ்' என்று எழுதுகின்றனர். அதற்கெனத் தனி எழுத்து இல்லை.

கடலோர நீருக்கும் இவ்வாறே ஐந்து வகுப்புகள் உள்ளன. உப்பளத்துக்கும் சிப்பி எடுப்பதற்கும் உரியது முதலாவது. கப்பல் செல்லவும், கட்டுப்பாட்டோடு கழிவு விடவும் உரியது கடைசி. எண்ணூர்க் கழி உப்பும் சிப்பியும் இறாலும் தந்த நீர். அதை எந்த வகுப்பில் வைப்பது என்பதை ஆய்வுக்கூடம் மட்டும் முடிவு செய்ய முடியுமா? இங்கு யார் வாழ வேண்டும் என்பதைப் பற்றிய முடிவும் அல்லவா அது?

இம்முடிவில் நம் மக்களின் குரல் எவ்வளவு கேட்கிறது என்பதற்கு அண்மை நிகழ்ச்சிகளே சான்று. 2017 ஜனவரி 28ஆம் நாள் எண்ணூர்த் துறைமுகத்தின் அருகே இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் பரவியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலிப் பகுதியிலிருந்து வெள்ளநீரோடு வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழியை மூடியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. இருமுறையும் எண்ணெயை வாளியால் அள்ளிய மனிதர்களின் படங்களை நாம் கண்டோம். தென் அமெரிக்காவிலிருந்து வந்து கழியின் அடித்தரையைப் பாய்போல் மூடிவரும் மட்டிக்குக் 'காக்கா ஆழி' என்று பெயர் சூட்டியவர்களும் மீனவர்களே. நீரின் மாற்றத்தை முதலில் உணர்பவர் அவர். அறிக்கைகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றன. அளவைக்கும் கரைக்கும் இடையே மொழி அறுந்து கிடக்கிறது. தமிழ்ப் பணி என்று நாம் சொல்வதற்கு இங்கே இடமில்லையா?

மீட்க முடியுமா என்று கேட்பீர்கள். 1957இல் உயிரற்றது எனக் கருதப்பட்ட தேம்சு ஆற்றில், கழிவு நீக்கும் நிலையங்களைச் சீர்செய்த பின், 1974இல் சால்மன் மீன் மீண்டும் காணப்பட்டது. அவ்வளவு தொலைவு போக வேண்டுவதில்லை. குப்பையும் இடிபாடும் நிறைந்த அடையாற்றுக் கழிமுகத்தின் 58 ஏக்கர் பரப்பைத் தூய்மை செய்து, கடல்நீர் வந்து செல்ல வழிவிட்டு, மண்ணுக்குரிய மரங்களை நட்டு, 2011இல் தொல்காப்பியப் பூங்கா எனப் பெயரிட்டுத் திறந்தார்கள். நம் கொடுங்கையூரிலேயே 2019 முதல் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைத் தூய்மைப்படுத்தி ஆலைகளுக்கு அனுப்பும் திறனுள்ள நிலையம் உள்ளது. நம் கழிவே ஆலைக்குரிய நீராகும்போது, கால்வாய் மட்டும் ஏன் கழிவாகவே கிடக்க வேண்டும்?

வரிசை தவறாமல் செய்தல் வேண்டும் என்பதே இவற்றின் பாடம். மழைநீர் வடிகாலில் கழிவுநீர் கலப்பதை முதலில் நிறுத்துக. பின் சேற்றை அகற்றுக. பின் கடலேற்றம் தடையின்றி வந்து செல்ல முகத்துவாரத்தைப் பேணுக. பின்னும் அளந்துகொண்டே இருக்க. கழிவை நிறுத்தாமல் தூர் மட்டும் வாரினால், வாரிய இடத்தில் மீண்டும் கழிவே நிறையும்.

இனி என் மாணவிக்குத் தர வேண்டிய விடைக்கு வருகிறேன். பாலையைத் தனியொரு நிலமாகக் கொள்ளாமல், முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் வளங்குன்றிய நிலையாகக் காட்டும் மரபு சிலப்பதிகாரத்தில் உண்டு. நகைச்சுவையாக அச்சொல்லைக் கூறியபோது இதை நான் மறந்துவிட்டேன். பாலை ஒரு நிலை. மழை பெய்தால் அது முல்லையாக மீளும். மாசும் அத்தகைய நிலையே. ஆகவே, மகளே, உன் வீட்டுப் பின்னால் ஓடுவது நெய்தல்தான். இன்று அது தன் இயல்பில் இல்லை, அவ்வளவே.

நம் இலக்கிய வட்டம் பதினோராம் ஆண்டில் ஒரு சிறு செயலைத் தொடங்க வேண்டும் என வேண்டுகிறேன். மாணவர்களைக் கொண்டு ஒரு நீர்க்குறிப்பேடு எழுதுவோம். நாள், நேரம், ஏற்றமா வற்றமா, நிறம், நாற்றம், கண்ட பறவை, மிதந்த மீன் ஆகியவற்றை அதில் குறிப்போம். வாரியம் வெளியிடும் அளவுகளைத் தமிழில் பெயர்த்து, கால்வாய்ப் பாலத்தருகே ஒரு பலகையில் மாதந்தோறும் எழுதி வைப்போம். அவ்வளவுகளின் கீழே, நாம் வேண்டும் வகுப்பு எது என்பதையும் எழுதுவோம். என் விருப்பம் மீன் வாழும் வகுப்பு. அதற்குக் குறைவாக எதையும் ஏற்க வேண்டாம்.

அம்மாணவி இன்று இவ்வவையில் அமர்ந்திருக்கிறாள். குறிப்பேட்டின் முதற்பக்கத்தை அவளே எழுதுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள் என்ற மகிழ்ச்சியான செய்தியோடு என் உரையை நிறைவு செய்கிறேன்.