நூலக மேசை விளக்கு
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



நூலகத்துப் பித்தளை மேசை விளக்கை உங்களில் பலருக்கு ஞாபகமிருக்கும். 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபோது அதுவும் அணைந்தது. நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில் படித்த காலமெல்லாம் அது அலுமாரிக்கு மேலேயே கிடந்தது. கரண்ட் திரும்பி வந்த பிறகும் அதை யாரும் இறக்கவில்லை.

விழாவுக்கு அதை ஏற்றுவோம் என்று சங்கத்தில் முடிவானபோது, "குமிழை மட்டும் மாற்று பிள்ளை, காணும்" என்றார் ஒரு ரீச்சர். மின்வேலையில் முப்பது வருடம் கழித்த பின்னும் அவருக்கு மறுத்துச் சொல்ல எனக்குப் பயம்தான். ஆனாலும் மாட்டேன் என்றேன்.

அந்த வயர், நூல் பின்னிய உறைக்குள் இறப்பர் காப்பிட்டது. வெளியே பார்க்க நல்லாய் இருந்தது. வளைத்தவுடன் உள்ளே இறப்பர் பொருபொருவென்று உதிர்ந்தது. பித்தளைக் குழாய்க்குள் நுழையும் இடத்தில் செப்புக் கம்பி வெறுமையாகக் குழாயைத் தொட்டுக்கொண்டிருந்தது. புவிக்கம்பியும் இல்லை. செருகி இரண்டு முனையுள்ளது. எப்பக்கமும் திருப்பிச் செருகலாம். ஒரு பக்கமாகச் செருகினால், ஆளியை நிறுத்தினாலும் விளக்கின் உடம்பில் 230 வோல்ற் இருக்கும்.

அந்த நிலையிலும் விளக்கு அழகாக எரிந்திருக்கும். 60 வாற்று குமிழுக்கு ஏறக்குறைய 260 மில்லி அம்பியர் வேண்டும். ஓர் ஆளின் உயிருக்கு ஆபத்து வர 30 மில்லி அம்பியரே போதும். விளக்கைத் தொடப்போவது நாங்களல்ல, இப்போது படிக்கும் பிள்ளைகள்.

ஆகவே கண்ணுக்குத் தெரிவதைக் காத்தேன். தெரியாததை ஒன்றுவிடாமல் மாற்றினேன். துணி உறையிட்ட மூன்று கம்பி வயர், பித்தளை விளிம்பு அதை அறுக்காதபடி இறப்பர் வளையம், புவித்தொடுப்புள்ள புதிய குமிழ்தாங்கி, 3 அம்பியர் உருகியுள்ள சதுர முனைச் செருகி. பிறகு 500 வோல்ற்றில் காவலியைச் சோதித்தேன். முதல் தடவை வாசிப்பு எனக்குத் திருப்தி தரவில்லை. பிரித்துப் பார்த்தால், குழாய்க்குள் பழைய இறப்பர்த் தூளும் ஈரமும்! துடைத்து, இரண்டு நாள் காயவைத்து மறுபடி பூட்டினேன்.

பித்தளையை மினுக்கவில்லை. சிலருக்கு அது மனக்குறை என்று தெரியும். அடித்தட்டில் பிள்ளைகளின் கைபட்டு மங்கிய இடத்தை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. பச்சைக் கண்ணாடி மூடி சூடேறாமலிருக்க 6 வாற்று எல்.ஈ.டி குமிழ் போட்டிருக்கிறேன்.

கழற்றிய வயரை ஒரு ஜாம் போத்தலில் போட்டு விஞ்ஞான கூடத்தில் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் எடுத்து வளைத்துப் பார்க்கலாம். நூலகப் பொறுப்பாசிரியருக்கு ஒரு வேண்டுகோள்: குமிழை மாற்றுவதற்கு முன் செருகியைக் கழற்றிவிடுங்கள்.

குமிழை மட்டும் மாற்றச் சொன்ன ரீச்சர் முன்வரிசையில் இருக்கிறார். ஆளியை அவரே போடட்டும்.