பேகனுக்கு இன்னொரு போர்வை உண்டு



வேலை செய்யும் இடத்தில் மயில்கள் உலவுவது வரமா, தொல்லையா? இதுதான் தலைப்பு. வரமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவி அம்மா மூன்று குற்றச்சாட்டு வைத்தார்கள். காரைக் கொத்துகிறது, ராத்திரியில் கத்துகிறது, வேலை நேரத்தில் வேடிக்கை பார்க்க வைக்கிறது. அம்மா, வேடிக்கை பார்க்க மயில் எதுக்கு? ஆபீஸ்ல ஒரு ஜன்னல் இருந்தாலே போதுமே! (சிரிப்பு)

காரை ஏன் கொத்துது? இனப்பெருக்கக் காலத்தில் பளபளப்பில் தெரிகிற தன் உருவத்தையே இன்னொரு ஆண் மயில் என்று நினைத்துச் சண்டைக்குப் போகிறது. ஒரு பழைய துணியை எடுத்து மூடிவிட்டால் வழக்கு தீர்ந்தது. பேகன் மயிலுக்குப் போர்த்தினான். நீங்க காருக்குப் போர்த்துங்க.

கத்துகிறது என்றார்கள். தமிழ்ப் பேராசிரியர் முன்னால அப்படிச் சொல்லலாமா? மயில் கத்தாது, அகவும். நம் ஆசிரியப்பாவின் ஓசைக்கே அகவலோசை என்றுதான் பெயர். சங்கப் பாட்டில் பெரும்பகுதி அந்த ஓசைதான். மதுரை காமராசர் பல்கலைக்கழக வளாகத்தில் மயில்கள் உண்டு. அங்கே ஒரு வாய்மொழித் தேர்வுக்குப் போயிருந்தேன். ஆய்வாளர் ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் விழிக்கிறார், வெளியிலிருந்து மயில் ஒன்று ஓங்கி அகவுகிறது. "உங்களுக்காக அது பதில் சொல்லிட்டுது, அடுத்த கேள்விக்குப் போவோம்" என்றேன். (கைதட்டல்)

சரி, விளையாட்டு போதும். மயில் ஏன் வேலை செய்யும் இடத்துக்கு வருது? திருச்சி பெல் வளாகத்தில் இருக்கிறது. டெல்லியில் குடியரசுத் தலைவர் மாளிகையிலேயே இருக்கிறது. காரணம் அந்த மதில் சுவர் ஐயா! மயில் மரத்தில் தூங்கும். ஆனால் முட்டையிடுவது தரையில், புதர் மறைவில். அதுக்கு உழாத நிலம் வேணும், மருந்தடிக்காத புல் வேணும், படுக்க உயரமான மரம் வேணும். இதெல்லாம் ஒரே இடத்தில் எங்கே கிடைக்குது? கேட் போட்டுக் காவல்காரர் நிற்கிற வளாகத்தில். ராத்திரி பாம்போ, வேறு விலங்கோ நடமாடினால் முதலில் குரல் கொடுப்பதும் இந்த மயில்தான். சம்பளம் இல்லாத இரண்டாவது காவல்காரர்.

இப்போது அந்த மதிலுக்கு வெளியே வாருங்கள். இதே மயில் கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கம் ஒரு விவசாயியின் நிலத்தில் இறங்குகிறது. விதைத்த விதையைக் கிளறுகிறது, தக்காளியைக் கொத்துகிறது, கதிரை மிதித்துச் சாய்க்கிறது. 1963இல் தேசியப் பறவை ஆனது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை, ஏழு ஆண்டு வரை போகலாம். தானியத்தில் விஷம் கலந்து வைத்த விவசாயிகள் கைதாகியிருக்கிறார்கள். விஷம் வைத்தது தப்பு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கடன் வாங்கி விதைத்தவனிடம் போய், "மயில் அழகு, ரசிங்கப்பா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பேகனை வள்ளல் என்று நாற்பது வயது வரை நானும் வகுப்பில் கொண்டாடினேன், இப்பவும் கொண்டாடுகிறேன். ஆனால் அவன் மலைநாட்டு அரசன். வீட்டுக்குப் போனால் இன்னொரு போர்வை இருந்திருக்கும்! ஒற்றைப் போர்வைக்காரனிடம் அதைக் கேட்காதீர்கள். நூற்றுக்கணக்கான ஏக்கரை வளைத்துப் போட்டிருக்கிற ஆலையைக் கேளுங்கள். அங்கே மயில் தின்றால் புல்விதை போகும், கரையான் போகும். ஒரு குடும்பத்தின் சோறு போகாது. அதனால்தான் வரம் என்கிறேன், மயிலுக்கும் வரம், விவசாயிக்கும் வரம்.

"எங்க எண்ணூர்ல சாம்பல்தான் பறக்குது, மயிலா பறக்குது?" என்று ஒரு தம்பி முன்வரிசையிலிருந்து கேட்டார். நியாயமான கேள்வி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. கூழைக்கடாக்கள் உடம்பெல்லாம் எண்ணெய் அப்பிப் பறக்க முடியாமல் கிடந்தன. மீனவர்கள் மக்கிலும் வாளியிலும் அந்த எண்ணெயை அள்ளினார்கள். பறவை வேற, மனுஷன் வேறன்னு அந்த எண்ணெய் பார்க்கலையே தம்பி!

தெற்கே மயிலாப்பூர் இருக்கிறது. மயில் ஆர்த்த ஊர் என்று பெயர்க்காரணம் சொல்வார்கள். இன்றைக்குக் கபாலீசுவரர் கோயில் புன்னை மரத்தடியில் அம்மன் கல்லில் மயிலாக நிற்கிறாள். பெயரும் சிலையும் மிச்சம். நம் பக்கம் அந்தப் பெயர்கூட இல்லை. ஆனால் சட்டத்தின் துணை இருக்கிறது. பெரிய ஆலைக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தரும்போது, நிலத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கைப் பசுமைப் பட்டையாக வளர்க்க வேண்டும் என்று நிபந்தனை போடுவது வழக்கமாக இருந்தது.

நடுவர் ஐயா, தீர்ப்பு எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள். அதோடு எண்ணூர், மணலி ஆலைக்காரர்களிடம் ஒரு விவரம் கேட்டு வாங்கித் தாருங்கள். அந்த மூன்றில் ஒரு பங்கு எந்த மதிலுக்குள் இருக்கிறது? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாங்கள் எப்போது வந்து பார்க்கலாம்?

மணியில் கை வைத்துவிட்டார்.