பனித்தண்டும் அரியலூர்ச் சுண்ணக்கல்லும்

(பெரம்பலூரில் ஆற்றிய உரை)



அறிவியலைத் தமிழில் சொல்லவியலுமா என்று இன்றும் ஐயுறுவாரோடு சொற்போரிட நான் இங்கு வரவில்லை. சொல்லியே காட்டிவிடுவது எளிது. காற்றின் பழவரலாற்றை எடுத்துக்கொள்வோம்.

தென்முனைப் பெருநிலமாகிய அண்டார்ட்டிக்காவின் உள்நிலத்தில் பெய்யும் பனி உருகுவதில்லை, அடுக்கடுக்காய்ப் படிகின்றது. துகள்களுக்கிடையே நின்ற காற்று, மேலடுக்குகளின் எடை அழுத்த, சில நூறு அடி ஆழத்தில் சிறு குமிழிகளாய் அடைபட்டுப்போகின்றது. அப்பனியை நீள் உருளையாகத் துளைத்தெடுக்கின்றனர். ஆங்கிலத்தார் ‘ஐசு கோர்’ என்பர். நாம் பனித்தண்டு என்போம். மடல்மேல் மடலாய்ப் பொதிந்ததன் உள்ளிருந்து உருவும் வாழைத்தண்டை அறிந்த நமக்கு இச்சொல்லுக்கு விளக்கம் வேண்டுமோ? அதுபோலவே, ‘கரியமில வாயு’ என்று நம் பிள்ளைகள் நெட்டுருச் செய்ததில் அமிலமும் வாயுவும் வடசொற்கள். கரிவளி என்றால் போதும். வளி என்பது தொல்காப்பியர் எழுத்துகளின் பிறப்பைச் சொல்லுமிடத்து ஆண்ட சொல்.

1965இல் பிரெஞ்சு அறிவியலர் கிளாடு இலோரியசு, தென்முனையில் தோண்டியெடுத்த பழம்பனித் துண்டை மதுக்குவளையில் இட்டார். (மதுவை விட்டுவிடுவோம், குமிழியைக் கொள்வோம்.) பனி கரையக் கரையக் குமிழிகள் வெடித்தெழுந்தன. இது பண்டைக் காற்றன்றோ என்னும் எண்ணம் அவர்க்கு அங்கே பிறந்தது. இன்று காற்றகற்றிய கலத்துள் பனியை நொறுக்கி, வெளிப்படும் வளியை அளக்கின்றனர். ஐரோப்பியர் கூடி 10,000 அடிக்கு மேல் துளைத்தெடுத்த தண்டு 8,00,000 ஆண்டுக் கணக்கைத் தந்தது. பத்து நூறாயிரம் பங்கு காற்றில் கரிவளி, கடும்பனி ஊழிகளில் ஏறத்தாழ 180 பங்காய்த் தாழ்ந்தும், வெப்பம் மிக்க இடைக்காலங்களில் 280, 300 என உயர்ந்தும் வந்துள்ளது. 300ஐ விஞ்சியதில்லை. தொழிற்புரட்சிக்கு முன் 280. கீலிங் என்பார் 1958இல் அவாய்த் தீவில் காற்றை நேரே அளக்கத் தொடங்கியபோது 315. இன்று 420ஐயும் கடந்துவிட்டது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். தென்முனைப் பனி நூறாயிரங்களில் எண்ணினால், அரியலூர்க் கல் கோடிகளில் எண்ணும். சாத்தனூரில் கல்லாய்க் கிடக்கும் அறுபதடி மரம் பல கோடி ஆண்டுப் பழமையது. 1940இல் நிலவியலர் எம்.எசு. கிருட்டிணன் கண்டுரைத்தது. அக்காலத்தே கடல் இங்கு வந்து அலைத்தது. காரையின் அரிப்போடைகளில் சுருளோட்டு உயிரிகளின் கல்லுருக்களை இன்றும் காணலாம். அக்கடலுயிர்கள் நீரில் கரைந்த கரிவளியைச் சுண்ணத்தோடு கூட்டி ஓடு சமைத்தன. ஓடுகள் படிந்து இறுகியதே நம் சுண்ணக்கல். பனி, காற்றைக் காற்றாகவே காத்தது. நம் கல் அதனைக் கல்லாக்கிக் காத்தது.

அந்தக் கல்லைத்தான் பைஞ்சுதை ஆலைகளில், சிமெண்டுக்காகச் சுடுகின்றோம். தூய சுண்ணக்கல் 100 பங்கு எடையைச் சுட்டால் 44 பங்கு கரிவளியாய் வானேறுகின்றது, எஞ்சுவது 56. உலையில் எரியும் நிலக்கரியின் கணக்கு வேறு. ‘வேலை வேண்டாவோ, வீடு வேண்டாவோ?’ என்பீர். இரண்டும் வேண்டும். ஆயினும் கற்குழிக்கு நிலம் கொடுத்த உழவனுக்கு இந்த 44இன் கணக்கை அவன் மொழியில் எவர் சொன்னார்? நம் பாறைகளை ஆய்ந்து பிளான்போர்டு என்னும் ஆங்கிலேயர் எழுதிய நூல் 1862இலேயே வெளிவந்தது. நூற்றறுபது ஆண்டு கடந்தும் அச்செய்தி நம் ஊர்த்திண்ணைக்கு வந்து சேரவில்லை. இதற்குக் கரணியம் தமிழின் குறையன்று, தமிழரின் மடி.

‘அக்காலத்தில் கரிவளி இன்றினும் மிகுதி என்கின்றனரே, உயிர்கள் வாழவில்லையா?’ என்று நண்பர் ஒருவர் வினவினார். நல்ல வினா. விடை, விரைவில் இருக்கின்றது. கடைசிப் பனியூழி முடிந்தபோது ஏறத்தாழ 80 பங்கு உயர்வதற்கு ஆறாயிரம் ஆண்டுக்கு மேலாயிற்று. 1958க்குப் பின் 100 பங்குக்கு மேல் உயர்ந்தது, இவ்வவையில் நரைத்த தலையினர் பலரின் வாழ்நாளுக்குள். நெல்லும் கடற்கரையும் அவ்விரைவுக்கு ஈடுகொடுத்து மாறவல்லன அல்ல.

ஆசிரியத் தோழர்களுக்கு ஒன்று. இவ்விரு மாவட்டப் பள்ளிகளிலும் உள்ளூர்ச் சுண்ணக்கல்லில் ஒரு துண்டு இருக்கவேண்டும். பொடித்து, எலுமிச்சைச் சாற்றை விடுங்கள், நுரைக்கும். மாணவர்கள் அந்தக் குமிழியை உற்றுநோக்கட்டும். கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுயிர் ஓட்டில் அடைத்த கரிவளி அது என்று தமிழில் சொல்லுங்கள். பிறகு கரும்பலகையில் 180, 280, 420 என்று எழுதிவிட்டு, அவர்கள் கேட்கும் வினாக்களுக்குக் காத்திருங்கள்.