சங்கத்து விதியும் தோட்டத்து நீரும்

வீட்டு முன்புறத்துப் புல் வாடிவிட்டது என்பதற்காக வீட்டுக்காரருக்கு எச்சரிக்கைக் கடிதம் வருமா? வரும். அத்தகைய கடிதம் ஒன்றை நானே படித்திருக்கிறேன். 2014ஆம் ஆண்டு ஜூலை மாதத் தொடக்கத்தில், கலிபோர்னியாவில் சான் ஓசே நகருக்கு அருகில் என் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். அன்று வந்த கடிதத்தின் சாரம் இது: 'உங்கள் புல்தரை பழுப்பேறியிருக்கிறது, பசுமையாக்குக, தவறினால் அபராதம்.'

கடிதத்தை விடுத்தது அரசாங்கம் அன்று, வீட்டுரிமையாளர் சங்கம். அந்நாட்டில் பல குடியிருப்புகளில் வீடு வாங்குவோர், நிலப்பத்திரத்தோடு பிணைந்த சில நிபந்தனைகளையும் சேர்த்தே ஏற்கின்றனர். சுவரின் வண்ணம், வேலியின் உயரம், முன்புறத் தோட்டத்தின் தோற்றம் ஆகியவற்றையெல்லாம் அந்நிபந்தனைகள் வரையறுக்கும். அவற்றைக் காப்பதற்கு, உரிமையாளர்களே தேர்ந்தெடுத்த ஒரு குழு உண்டு.

அந்த ஆண்டு ஜனவரி 17ஆம் நாளே, ஆளுநர் ஜெர்ரி பிரவுன் வறட்சி நெருக்கடியை அறிவித்திருந்தார். ஜூலையில் மாநில நீர்வளக் கட்டுப்பாட்டு வாரியம், தோட்டத்து நீர் தெருவில் வழிந்தோட விடுவோருக்கு நாளொன்றுக்கு 500 டாலர் வரை அபராதம் விதிக்க இடமளித்தது. நீரை வீணாக்கினால் ஊரார் தண்டிப்பர்; சிக்கனம் செய்தால் சங்கத்தார் தண்டிப்பர்! இதுதான் என் மகளின் நிலை.

புல்லுக்கு அப்படி எவ்வளவு நீர் வேண்டும் என்று கேட்பீர்கள். கணக்கிட்டுப் பாருங்கள். ஆயிரம் சதுர அடித் தரையில் ஓர் அங்குல உயரத்திற்கு நீர் நிற்க வேண்டுமானால், ஏறத்தாழ 2,360 லிட்டர் தேவை. கோடையில் புல் பசுமை குன்றாதிருக்க, வாரத்திற்கு அவ்வளவேனும் பாய்ச்ச வேண்டும். அங்கே மழை குளிர்காலத்தில்தான் பெய்யும். கோடையில் வானம் வறண்டே கிடக்கும். ஆகவே அத்தனை நீரும் குழாய்வழியே வந்தாக வேண்டும். அரிசி கழுவிய நீரையும் வாழைக்கு விட்ட வீட்டில் வளர்ந்தவன் நான். எனக்கு இது பொறுக்கவில்லை.

நான்தான் அவசரப்பட்டேன். "புல்லைப் பெயர்த்துவிட்டுக் கல்லும் செடியும் வைக்கிறோம் என்று எழுதிப்போடு, அம்மா" என்றேன். அவளும் இரண்டே வரிகளில் விண்ணப்பம் எழுதினாள். செப்டம்பரில் மறுப்பு வந்தது. எந்தச் செடி, எத்தனை, வளர்ந்தால் எவ்வளவு உயரம், களையை எப்படித் தடுப்பீர்கள் என்று ஒன்றுமே எழுதவில்லையே என்பது அவர்கள் சொன்ன காரணம். சினந்து பயனில்லை, கேள்வி நியாயமானது.

எதிர்வீட்டு முதியவர் அக்குழுவில் ஓர் உறுப்பினர். அவரிடம் நேரில் சென்று பேசினோம். 2008ஆம் ஆண்டையொட்டி வீட்டுக்கடன் நெருக்கடி வந்தபோது, அத்தெருவில் சில வீடுகள் கைவிடப்பட்டனவாம். காய்ந்த புல்தான் முதல் அடையாளம், பிறகு களை, பிறகு தெரு முழுவதும் வீட்டு விலை சரிவு. "பழுப்பு நிறத்தைக் கண்டாலே எனக்கு அந்த நாட்கள்தாம் நினைவுக்கு வருகின்றன" என்றார். விதிக்குப் பின்னால் ஓர் அச்சம் இருந்தது. அந்த அச்சத்திற்கு விடை சொல்லாமல் விதியை மட்டும் பழித்ததே நாங்கள் செய்த பிழை.

இதனிடையே சட்டமும் மாறியது. வறட்சி நெருக்கடிக் காலத்தில் புல்லுக்கு நீரைக் குறைத்தவருக்குச் சங்கம் அபராதம் விதிக்கலாகாது என்று ஜூலையிலேயே சட்டம் வந்தது. குறைந்த நீரில் வளரும் செடிகளை ஒட்டுமொத்தமாகத் தடுக்கும் விதியும், இருக்கும் புல்தரையை அவற்றுக்காக மாற்றுவதைத் தடுக்கும் விதியும் செல்லா என்னும் சட்டம், 2015 ஜனவரி முதல் நடைமுறைக்கு வருவதாயிற்று. எனினும் தோட்டத்தின் தோற்றம் குறித்து நியாயமான விதி செய்யும் உரிமை சங்கத்திற்கு இன்றும் உண்டு. விண்ணப்பத்தை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். மறுபரிசீலனைக்கு வழியும் காட்டவேண்டும். தடுக்க முடியாது, ஆனால் கேட்கலாம். இந்த வேறுபாட்டை அறிந்தவர்க்கே சட்டம் பயன்படும்.

நவம்பரில் மீண்டும் விண்ணப்பித்தோம். இம்முறை அளவோடு வரைபடம் இணைத்தோம். 1981இல் டென்வர் நகர நீர்த்துறையார் 'சீரிஸ்கேப்' என்று பெயரிட்ட வறள்நிலத் தோட்டமுறையே எங்களுக்கு வழிகாட்டி. திட்டமிடல், மண்ணை வளப்படுத்தல், தகுந்த செடி தேர்தல், தேவையான இடத்தில் மட்டும் புல், சிக்கனப் பாசனம், மூடாக்கு, பராமரிப்பு என்பன அதன் ஏழு நெறிகள். மன்சனீட்டா, சியனோத்தஸ், சால்வியா ஆகிய அந்நிலத்துக்குரிய செடிகளை எழுதி, ஒவ்வொன்றும் முதிர்ந்தபின் எவ்வளவு உயரம் இருக்கும் என்பதையும் குறித்தோம். களையை அடக்க மரச்சிராய் மூடாக்கு, வேருக்குச் சொட்டுநீர், நடைபாதையோரம் ஒரு சிறு புல்வரம்பு. அந்த வரம்பு முதியவருக்காக விட்டுக்கொடுத்தது.

டிசம்பரில் இசைவு வந்தது. அம்மாதம் பெய்த மழையிலேயே நட்டோம். முதலில் பார்ப்பதற்கு அழகில்லைதான். சிராய்ப் பரப்பின் நடுவே சாண் உயரக் கன்றுகள்! வேரூன்றும்வரை அவற்றுக்கும் நீர் விடத்தான் வேண்டும். முதியவர் சன்னலருகே நின்று பார்த்து ஒன்றும் சொல்லாமல் உள்ளே சென்றுவிட்டார். ஜனவரியில் நான் ஊர் திரும்பினேன்.

2017 ஏப்ரலில், மாநிலத்தின் பெரும்பகுதியில் வறட்சி நெருக்கடி நீக்கப்பட்ட அந்த மாதத்தில், மீண்டும் சென்றேன். சியனோத்தஸ் நீலமாய்ப் பூத்து, தேனீக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. ஒரு காலை முதியவர் தெருவைக் கடந்து வந்து, அந்த நீலப்பூச் செடியின் பெயரை ஒரு தாளில் எழுதித் தரும்படி கேட்டார். என் மகள் பெயரோடு முதிர்ந்த உயரத்தையும் சேர்த்து எழுதினாள்.

"விண்ணப்பத்திற்கு அதுவும் வேண்டுமல்லவா?" என்றாள். முதியவர் சிரித்துவிட்டார்.