வெயிலுக்குக் காசில்லை, கிணற்றுக்குக் கணக்கு உண்டு

(பண்ணை ஒலிபரப்பில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்றைக்குச் சூரிய சக்தி பம்பு செட்டைப் பற்றி உங்களோடு கொஞ்ச நேரம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். எங்கள் தாத்தா காலத்தில் கமலை ஓடியது. அப்பா காலத்தில் ஆயில் எஞ்சின் வந்தது, பிறகு கரண்டு மோட்டார் வந்தது. இப்போது வயலோரத்தில் நீலத் தகடுகளை நிறுத்தி வைத்து, வெயிலைக் கொண்டே தண்ணீர் இறைக்கிறோம். கமலை முதல் தகடு வரை இறைக்கும் சக்திதான் மாறியிருக்கிறது. இறைக்கப்படும் தண்ணீர் அதே கிணற்றுத் தண்ணீர்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

முதலில் கருவியைப் பார்ப்போம். சிலிக்கன் தகட்டின் மேல் வெயில் பட்டால் மின்சாரம் உண்டாகிறது. அந்த மின்சாரம் கண்ட்ரோலர் என்ற பெட்டிக்குப் போய், அங்கிருந்து மோட்டாருக்குப் போகிறது. இதற்கு பேட்டரி கிடையாது. வெயில் உள்ளபோது ஓடும், மேகம் மூடினால் வேகம் குறையும், பொழுது சாய்ந்தால் நின்றுவிடும். ஐந்து குதிரைசக்தி பம்பு செட்டுக்கு ஏறத்தாழ 5 கிலோவாட் தகடு வேண்டும். இதற்கு ஒரு சென்ட் இடம் போதும். நம் தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்கு 4 முதல் 5 யூனிட் மின்சாரம் தரும். ஆக, ஐந்து கிலோவாட்டுக்கு 20 யூனிட்டுக்குக் குறையாது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதே ஐந்து குதிரைசக்தி ஆயில் எஞ்சின் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் டீசல் குடிக்கும். நாளைக்கு ஆறு மணி நேரம், வருஷத்துக்கு 100 நாள் ஓட்டினால் 600 லிட்டர். இன்றைய விலையைப் போட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள். அந்த 600 லிட்டர் டீசல் எரிந்தால் ஒன்றரை டன்னுக்கு மேல் கரியமில வாயு காற்றில் கலக்கிறது. மழை பொய்ப்பதும், பெய்தால் ஒரேயடியாகக் கொட்டித் தீர்ப்பதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில், 2030-க்குள் நிலக்கரி, எண்ணெய் முதலிய எரிபொருள் இல்லாத மின்திறனை 50 கோடி கிலோவாட்டாக உயர்த்துவதாக நம் நாடு அறிவித்தது இதனால்தான். அந்தப் பெரிய கணக்கில் நம் கிணற்று மேட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

கரண்டு மோட்டார் வைத்திருப்பவர்களுக்கும் இதில் லாபம் உண்டு. மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்காக ராத்திரியில் டார்ச் லைட்டோடு வரப்பில் நடந்து, பாம்புக்குப் பயந்து மோட்டார் போட்டவர்கள் உங்களில் எத்தனையோ பேர். சூரிய பம்பு செட்டு பகலில்தான் ஓடும். தண்ணீர் கட்டுகிறவர் பகல் வெளிச்சத்தில் மடை திருப்பலாம்.

இனி, என் மனதை உறுத்துகிற ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன்பு எங்கள் வட்டாரத்தில் நாலு ஏக்கர் தோட்டக்காரர் ஒருவருக்கு நானே எடுத்துச் சொல்லி, சூரிய பம்பு செட்டுக்கு விண்ணப்பம் போட வைத்தேன். அதுவரை அவர் ஆயில் எஞ்சின் வைத்திருந்தார். எஞ்சின் ஓடும் ஒவ்வொரு மணியும் காசு. அதனால் வயல் நனைந்ததும் ஓடிப் போய் நிறுத்துவார். தகடு வந்த பிறகு நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை. "சும்மா வர்ற வெயில்தானுங்க சார், ஓடட்டுமே" என்றார். காலை எட்டு மணிக்கு ஓட ஆரம்பித்த மோட்டார் மாலை நாலு மணி வரை ஓடும். நிலக்கடலையும் சோளமும் போட்ட இடத்தில் வாழை வைத்தார். முதல் வருஷம் நல்ல வருமானம். எனக்கும் பெருமை. பக்கத்து ஊர்க்காரர்களைக்கூட அழைத்துக் கொண்டுபோய்க் காட்டினேன்.

இரண்டாவது கோடையில் அவருடைய கிணற்றில் தண்ணீர் விறுவிறுவென்று இறங்கியது. மேல்புறத்துத் தோட்டம் ஒரு விதவை அம்மாளுடையது. ஒன்றரை ஏக்கர், ஆழம் குறைந்த பழைய கிணறு. அது வற்றிவிட்டது. அந்த அம்மாள் ஒரு நாள் அலுவலகத்துக்கு வந்தார்கள். சண்டை போடவில்லை. "சார், சூரியன் எல்லாருக்கும் பொதுன்னு நீங்கதானுங்க கூட்டத்துல சொன்னீங்க. அடியில ஓடற தண்ணியும் அப்படித்தானுங்களே?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். என்னிடம் பதில் இல்லை. தகட்டைப் பற்றி அவருக்கு எல்லாம் சொன்ன நான், கிணற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தவறு என்னுடையது.

பிறகு மூவரும் உட்கார்ந்து பேசினோம். வாழையை ஒரு ஏக்கராகக் குறைத்தார், சொட்டு நீர் போட்டார். மோட்டார் ஓடும் நேரத்தையும் பேசி முடிவு செய்தோம். அவர் கிணறு தேறிவிட்டது. அந்த அம்மாள் கிணற்றில் அடுத்த மழைக்குப் பிறகு தண்ணீர் ஊறியது, ஆனால் பழைய மட்டத்துக்கு இன்னும் வரவில்லை. அதனால்தான் இன்றைக்கு உங்களிடம் கணக்கோடு பேசுகிறேன்.

அந்தக் கணக்கு இதுதான். 100 அடியிலிருந்து இறைத்தால், ஐந்து குதிரைசக்தி சூரிய பம்பு செட்டு நல்ல வெயில் நாளில் ஒரு லட்சம் லிட்டர் வரை தரும். ஒரு லட்சம் லிட்டர் என்பது ஒரு ஏக்கர் நிலத்தில் ஏறத்தாழ ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர். வாய்க்காலில் விட்டுப் பாய்ச்சினால் அவ்வளவுதான். அதே தண்ணீரைத் தென்னைக்குச் சொட்டு நீரில் கொடுத்துப் பாருங்கள். 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம். கோடையில் மரத்துக்கு 100 லிட்டர் என்று வைத்தாலும் ஏக்கருக்கு 7,000 லிட்டர். ஒரு நாள் இறைக்கிற தண்ணீர் 14 ஏக்கர் தென்னைக்குக் காணும். ஆகவே சூரிய பம்பும் சொட்டு நீரும் ஜோடி மாடு மாதிரி. ஒன்றை மட்டும் பூட்டினால் ஏர் நேராகப் போகாது.

தமிழ்நாட்டு நிலத்தடி நீரின் நிலை என்ன? 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மொத்தம் 1,166 பிர்க்காக்களில் 435 பிர்க்காக்கள், ஊறுவதைவிட அதிகமாக உறிஞ்சப்படுபவை என்று கண்டார்கள். உங்கள் பிர்க்கா அந்தப் பட்டியலில் உண்டா என்று அவசியம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அரசுத் திட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் மாநிலத்தில் பம்பு செட்டு மின்சாரத்துக்குப் பெரிய சரித்திரமே உண்டு. 1972-ல் கட்டண உயர்வை எதிர்த்துக் கோவை நகரத்துச் சாலைகளில் மாட்டு வண்டிகளை நிறுத்திப் போராடினார்கள். 1984-ல் சிறு விவசாயிகளுக்கு மின்சாரம் இலவசமானது. 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் கிடைத்தது. இன்றைக்கு 20 லட்சத்துக்கும் அதிகமான விவசாய இணைப்புகள் இருக்கின்றன. இலவசம் எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியது. ஆனால் அந்த மின்சாரத்தின் விலையை யாரோ கொடுத்துத்தானே ஆக வேண்டும்? மாநில அரசு மானியமாகக் கொடுக்கிறது. புது இணைப்புக்கு எழுதிப் போட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.

இந்த நிலையில்தான் 2019-ல் மத்திய அரசு பி.எம். குசும் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் மூன்று பிரிவுகள். முதலாவது, நிலத்தில் சிறு மின் நிலையம் அமைத்து மின்சாரத்தை விற்பது. இரண்டாவது, மின் இணைப்பு இல்லாத இடத்தில் தனியாக ஓடும் சூரிய பம்பு செட்டு. மூன்றாவது, ஏற்கெனவே உள்ள கரண்டு மோட்டாருக்குச் சூரியத் தகடு சேர்ப்பது. பம்பு செட்டு விலையில் மத்திய அரசு 30 சதவீதம், மாநில அரசு 30 சதவீதம், உழவர் 40 சதவீதம் என்பது திட்டம் தொடங்கியபோது வகுத்த அடிப்படை. நீர் அதிகமாக உறிஞ்சப்பட்ட பகுதியில் புது பம்பு கூடாது, பழைய டீசல் எஞ்சினை மாற்றலாம், அதுவும் நுண்ணீர்ப் பாசனத்தோடு என்று விதி வைத்தார்கள். மானிய விகிதமும் நிபந்தனையும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். நான் இன்று சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள்.

தண்ணீரை வீணாக இறைக்காமல் இருக்க வழி என்ன என்பதற்குக் குஜராத்தில் ஒரு நல்ல சோதனை நடந்தது. கேடா மாவட்டத்தில் துண்டி என்று ஒரு கிராமம். 2016-ல் ஆறு விவசாயிகள் சேர்ந்து சூரிய பம்பு வைத்துக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். வயலுக்கு வேண்டியதுபோக மீதி மின்சாரத்தை அங்குள்ள மின் நிறுவனம் யூனிட் 4 ரூபாய் 63 பைசாவுக்கு வாங்கிக்கொள்ள 25 வருஷ ஒப்பந்தம். பதிலுக்கு அந்தக் காலம் முழுவதும் சாதாரண மின் இணைப்பு கேட்பதில்லை என்று விவசாயிகளும் ஒப்புக்கொண்டார்கள். அந்த விலையில் 20 யூனிட் விற்றால் நாளைக்கு 90 ரூபாய்க்கு மேல். மோட்டாரைத் தேவையில்லாமல் ஓட்டினால் அந்த 90 ரூபாய் போயிற்று. அதாவது, மோட்டாரை நிறுத்துவதற்கும் ஒரு கூலி கிடைக்கிறது. எங்கள் தோட்டக்காரருக்கு அப்படி ஓர் ஏற்பாடு இருந்திருந்தால், நான் சொல்லாமலே அவர் மோட்டாரை நிறுத்தியிருப்பார். விற்கும் வசதி இல்லாத இடத்தில் நாமேதான் நமக்குக் கட்டுப்பாடு.

இனி, கையெழுத்துப் போடுவதற்கு முன்பு நீங்கள் பார்க்க வேண்டியவை.

ஒன்று: கோடையின் கடைசியில் கிணற்றில் எத்தனை அடிக்குத் தண்ணீர் நிற்கிறது, மணிக்கு எவ்வளவு ஊறுகிறது என்று அளந்து பாருங்கள். அதற்கு ஏற்ற பம்பு வாங்குங்கள். பக்கத்துக்காரர் ஏழரை வாங்கினார் என்பதற்காக நீங்களும் ஏழரை வாங்க வேண்டாம்.

இரண்டு: மின் இணைப்புக்கு ஏற்கெனவே பதிவு செய்திருந்தால், சூரிய பம்பு வாங்கியபின் அந்தப் பதிவு என்ன ஆகும் என்று எழுத்து மூலமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு போதாது.

மூன்று: திட்டத்தில் கம்பெனி ஐந்து வருஷம் பராமரித்துத் தர வேண்டும். பழுது என்றால் யாரிடம் சொல்வது என்று தெரிந்துகொண்டு, அந்தப் போன் நம்பரைக் கண்ட்ரோலர் பெட்டியிலேயே பெயிண்டில் எழுதி வையுங்கள்.

நான்கு: தகடு தெற்குப் பார்த்து, லேசான சாய்வாக இருக்க வேண்டும். நிழல் கூடவே கூடாது. ஒரு தென்னை மட்டையின் நிழல் ஒரு தகட்டில் விழுந்தாலும், வரிசையில் உள்ள மற்றத் தகடுகளும் மந்தமாகிவிடும். இப்போது சின்னதாக நிற்கிற வேப்பங்கன்று ஐந்து வருஷத்தில் எவ்வளவு உயரும் என்பதையும் யோசியுங்கள்.

ஐந்து: முடிந்தால் ஒரு தொட்டி கட்டுங்கள். நடுப்பகலில் நிறையத் தண்ணீர் வரும், காலையிலும் மாலையிலும் குறைவாக வரும். தொட்டியில் சேர்த்து வைத்தால் சாயங்காலம் நிதானமாகப் பாய்ச்சலாம்.

பராமரிப்பு பெரிய வேலையில்லை. வாரம் ஒரு தடவை தூசியைத் துடையுங்கள். அதிகாலையில் துடையுங்கள். உச்சி வெயிலில் சூடேறிய கண்ணாடியில் தண்ணீர் ஊற்றினால் வெடிக்கக்கூடும். உப்புத் தண்ணீர் வேண்டாம், வெள்ளைப் படிவு கட்டும். சித்திரை வெயிலில் மின்சாரம் கொஞ்சம் குறைந்தால் பயப்படாதீர்கள். தகடு 25 டிகிரிக்கு மேல் சூடேறும்போது, ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் உற்பத்தி குறைவது இயல்பு. இன்னொன்றை வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டாலும் வெயில் படும்வரை தகட்டிலும் அதன் ஒயரிலும் மின்சாரம் இருக்கும். பல தகடுகள் சேர்ந்த ஒயரில் உயிரை வாங்கும் அளவுக்கு வோல்டேஜ் உண்டு. எலி கடித்த ஒயரை நீங்களே முறுக்கிக் கட்டாதீர்கள். எர்த்தும் இடிதாங்கியும் சரியாக இருக்கின்றனவா என்று மழைக்காலத்துக்கு முன்பே பார்த்து வையுங்கள்.

பெருமக்களே, சூரிய பம்பு செட்டு நல்ல கருவி. வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். தகடு 25 வருஷம் உழைக்கும். அத்தனை வருஷமும் கிணற்றில் தண்ணீர் இருந்தால்தான் அதனால் பயன். தகடு வைக்கும்போதே வரப்பை உயர்த்தி, பண்ணைக் குட்டை ஒன்றும் வெட்டி, மழைத் தண்ணீரைக் கிணற்றுப் பக்கம் திருப்பிவிடுங்கள். பக்கத்துத் தோட்டக்காரரையும் ஒரு வார்த்தை கலந்துகொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு வாருங்கள். வரும்போது கிணற்றின் ஆழத்தையும் கோடைத் தண்ணீர் மட்டத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள். முதலில் அதைத்தான் கேட்பேன்.